டிக்கிக்குப் போகும் ஒயர்

பேட்டரியைக் கழற்றித் தரையில் இறக்கி வைத்த பிறகும் வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு அணையவில்லை.

சேரன் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி பானெட்டுக்கு முன்னால் நின்றான். அங்கிருந்து விளக்கு தெரியாது. வண்டிக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கும் இடைவெளி விட்டு ஷெட்டின் சுவர் இருந்தது. அந்தச் சுவரில், சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில், சிவப்பு வெளிச்சம் படிந்திருந்தது. பேட்டரி அவன் காலடியில் இருந்தது. இரண்டு ஒயர்களும் முனை விரிந்து காற்றில் தொங்கின. எங்கிருந்தும் ஒரு துளி கரண்டு வர வழியில்லை.

சீட்டுக்கு அடியில் இரண்டாவது பேட்டரி எதையாவது ஒளித்து மாட்டியிருக்கிறார்களா என்று பார்த்தான். துருப்பிடித்த ஸ்பிரிங்கும் எலிப் புழுக்கையும்தான் இருந்தன. வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து யாராவது இழுத்திருப்பார்களோ என்று தோன்றியது. ஆனால் 'தானே' புயலுக்குப் பிறகு இந்தப் பக்கம் எந்த ஊருக்கும் மின்சாரம் வரவில்லை. இன்வெர்ட்டரெல்லாம் என்றைக்கோ செத்திருக்கும். பின்னால் போய் விளக்கின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான். ரொம்ப நேரமாக எரியும் விளக்கு சுட வேண்டும். இது ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனைத் தொட்டதுபோல் சில்லென்று ஈரமாக இருந்தது. தொட்டதும் அணைந்தது.

"என்னா தம்பி, தெரிஞ்சிதா?"

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஞானசேகரன் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் அவர் முதுகுப் பக்கம் இருந்ததால் முகம் தெரியவில்லை. வெள்ளை வேட்டியும், அதன்மேல் குறுக்கே வைத்திருந்த இரும்பு ஹேண்டிலும் மட்டும் தெரிந்தன. ஸ்டார்ட் ஆகாத வண்டியின் முன்னால் செருகிச் சுற்றுகிற பழைய ஹேண்டில். அதைப் போட்டும் பார்த்துவிட்டேன், தோள்தான் வலிக்கிறது என்று வந்தவுடனே சொல்லியிருந்தார்.

"ஒயரு எங்கயோ பாடில பட்டு எர்த் அடிக்குது சார். பாக்கறேன்."

"பாரு. நிதானமா பாரு."

காலையில் அவர்தான் கடலூர் முதுநகரில் சேரனுடைய வண்டி ஒயரிங் கடைக்கு நேரில் வந்தார். அப்பா காலத்து அம்பாசிடர், புயலில் நனைந்துவிட்டது, சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகவில்லை, சாவியை எடுத்தால் பின்விளக்கு தானாக எரிகிறது என்றார். கடை நிறைய நனைந்த வண்டிகள் நின்றன; போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடையில் சேரனால் உட்காரவே முடியவில்லை. பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது. அந்தோணிசாமியின் ஸ்டூல். இருவரும் சேர்ந்து நடத்திய கடை அது. புயலுக்கு முந்தின நாள் ஒரு வீட்டில் வண்டி வேலை என்று பைக்கில் போனவன் திரும்பவில்லை. அவன் பெண்டாட்டி ராசம்மாள் தினமும் கலெக்டர் ஆபீஸில் காணாமல் போனவர்களின் சொந்தக்காரர்களோடு வரிசையில் நின்றுவிட்டு, சாயங்காலம் கடைக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் அந்த ஸ்டூலைப் பார்த்துவிட்டுப் போவாள். அதைப் பார்ப்பதைவிட எங்காவது போய்விடலாம் என்றுதான் சேரன் டிவிஎஸ்-ஐ எடுத்துக்கொண்டு அவருடைய ஜீப்புக்குப் பின்னால் வந்தான்.

புதுச்சத்திரம் தாண்டி, சிதம்பரம் ரோட்டிலிருந்து பிரிந்து, முந்திரித் தோப்புக்குள் வெகுதூரம் உள்ளே இருந்தது வீடு. தோப்பு என்று இப்போது சொல்ல முடியாது. மரமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, வேர் வானத்தைப் பார்க்க, இலை காய்ந்து செம்பழுப்பாகிக் கிடந்தது. எங்கோ மரம் அறுக்கும் மெஷினின் சத்தம் மதியம் முழுக்கக் கேட்டது. காற்று திரும்பும்போதெல்லாம் அழுகல் நாற்றம் வந்தது. செத்த மாடு, அழுகின பலாப்பிஞ்சு, வடியாத தண்ணீர் எல்லாம் கலந்த நாற்றம். இந்த மாதம் கடலூர் முழுக்கவே அந்த நாற்றம்தான் என்பதால் அவன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஷெட்டுக்குள் மட்டும் வேறொரு வாசனை. பினாயில். தரையைக் கழுவியிருந்தார்கள்.

அவன் டிரைவர் சீட்டின் கீழே மல்லாந்து படுத்து, செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, டேஷ்போர்டின் அடிப்பக்கம் தலையை நுழைத்தான். கியர் லிவர் ரிவர்ஸில் விழுந்து இறுகியிருந்தது. தட்டிப் பார்த்தான், அசையவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒயர்களுக்கு வந்தான். சாவி சுவிட்சிலிருந்து போகும் ஒயர், ஃபியூஸ் பெட்டிக்கு வரும் ஒயர், எல்லாம் துணி சுற்றிய பழைய ஒயர்கள். தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தன. ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனான். சுவிட்சுக்குப் பின்னால் விரல் நின்றது.

ஒரு ஜாயின்ட். புதுசு.

டேப் ஒட்டவில்லை. சைக்கிள் டியூபை நூல்போல் மெல்லியதாக அறுத்து, இறுக்கிச் சுற்றி, கடைசி முனையை உள்ளே செருகி முடிச்சு போட்டிருந்தது. ரப்பர் வாசனைகூடப் போகவில்லை. கடலூரில் எத்தனையோ ஆட்டோ எலெக்ட்ரிஷியன்கள் இருக்கிறார்கள். டேப் ஒட்டினால் உப்புக்காத்துக்கு உரிஞ்சிடும் மச்சான் என்று சொல்லிக்கொண்டே இப்படிச் சுற்றுகிறவன் ஒருத்தன்தான்.

வாயிலிருந்த செல்போன் நழுவி மார்பில் விழுந்தது. சேரன் அசையாமல் படுத்திருந்தான்.

"சார்."

"ம்."

"இதுக்கு முன்னாடி வேற யாராச்சும் இந்த வண்டியப் பாத்தாங்களா?"

நாற்காலி கிரீச்சிட்டது. மரம் அறுக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தான்.

"இல்ல. நீதான் மொத ஆளு."

படுத்தபடியே மூச்சைச் சரிப்படுத்திக்கொண்டான். அவசரப்படக் கூடாது. வேலை முடிகிற மாதிரி முடித்து, சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லி, டிவிஎஸ்-ஐ எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன். செல்போனைப் பார்த்தான். டவர் இல்லை.

"வூட்ல யாரும் இல்லீங்களா சார்?" குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"சம்சாரம் நெய்வேலில தங்கச்சி வூட்டுக்குப் போயிருக்குது. கரண்டு வந்தாதான் வருவேன்னுது."

"பசங்க?"

"ஒரு பொண்ணு. கயல்விழின்னு பேரு."

அந்தப் பெயர் சேரனுக்குத் தெரியாது. ஆனால் வேறொன்று ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்தோணியின் தம்பி லூர்துசாமி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனான். அண்ணன்காரன்தான் முதுநகர் ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு வந்தான். யாருடா பொண்ணு, எங்கடா அனுப்பின என்று சேரன் கேட்டதற்கு, சிதம்பரம் பக்கம், பெரிய எடம், அதுக்குமேல நீ தெரிஞ்சிக்காத மச்சான், அதான் உனக்கு நல்லது என்று சிரித்தான்.

பெரிய இடம் வாசலில் உட்கார்ந்திருந்தது.

சேரன் எழுந்து உட்கார்ந்தான். கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டியிருந்தது. கதவோரம் கார்ப்பெட்டைத் தூக்கினான். அதன் கீழே ஒயர்க்கட்டு வண்டியின் முன்னாலிருந்து பின்னாலுக்கு, டிக்கிக்கு, ஓடியது. அதில் ஒரு ஒயரைப் பிரித்து, வழக்கம்போல, லேசாக ஒருமுறை இழுத்தான். எது பின்விளக்குக்குப் போகிற ஒயர் என்று கண்டுபிடிக்கிற வழி அது. கடையில் அவன் முன்னால் இருந்து ஒருமுறை இழுப்பான். பின்னால் டிக்கியில் குனிந்திருக்கும் அந்தோணி, அசைகிற ஒயரைப் பிடித்து, இதுதான் என்று பதிலுக்கு இரண்டு முறை இழுப்பான். கத்திப் பேச வேண்டியதில்லை.

ஒயர் அவன் விரலுக்குள் அசைந்தது.

இரண்டு முறை.

எலி. எலியாகத்தான் இருக்கும். புயலுக்குப் பிறகு எலி ஜாஸ்தி. அவன் ஒயரை விட்டுவிட்டான். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான். திரும்ப எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தான். இழுத்தான். ஒருமுறை.

காத்திருந்தான். வெளியே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சாய்ந்த மரங்களின் நிழல் ஷெட்டுக்குள் நீண்டு, வண்டியின் மேல் ஏறியது.

இரண்டு முறை. இந்தத் தடவை பலமாக. விரலின் தோல் கிழிந்தது.

சேரன் வண்டியிலிருந்து பின்புறமாகவே இறங்கினான். ஞானசேகரன் நாற்காலியில் இல்லை. ஷெட்டுக்குள் நின்றிருந்தார். வாசல் கதவில் ஒன்றைச் சாத்தியிருந்தார்.

"டிவிஎஸ்-அ உள்ள தள்ளி வெச்சிட்டேன். மழ வர்ற மாதிரி இருக்குது" என்றார். "என்னா, ஒயரு இழுக்குதா?"

சேரன் கிழிந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"எனக்கும் இழுத்துச்சி. லைட்டு மட்டும்னா பரவால்லன்னு இருந்தேன். பேட்டரிய எடுத்துப் பாத்தேன், பல்பக் கழட்டிப் பாத்தேன். நிக்கல." சாவியை நீட்டினார். "டிக்கியத் தொறந்து பாரு. எனக்குத் தொறக்க முடியல. கை வர மாட்டேங்குது. அதுக்குத்தான் உன்னக் கூப்ட்டேன். அதுக்கும்."

திறக்காமல் ஓடியிருக்கலாம். வாசலில் ஒரு கதவு இன்னும் திறந்திருந்தது. அவருக்கு அறுபது வயதுக்கு மேல். ஆனால் உள்ளே இருப்பது அந்தோணியாக இருந்தால்? உயிரோடு இருந்தால்? இரண்டு முறை இழுத்தது அவன்தானே? புயல் முடிந்து இத்தனை நாள் ஆனதெல்லாம் அந்த நேரத்தில் சேரனுக்கு ஞாபகம் வரவில்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் போய் நின்று, டிக்கியைத் திறந்தான்.

காலி.

பினாயில் நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. ஈரச் சாக்கு ஒன்று மடித்து வைத்திருந்தது. அவன் டார்ச்சை அடித்தான். மூடியின் உட்பக்கம் பெயின்ட் நீளநீளமாகச் சுரண்டப்பட்டிருந்தது, நாலு நாலு கோடாக. கோடுகள் முடிகிற இடத்தில் பழுப்பாக எதுவோ காய்ந்திருந்தது. விளக்குக்குப் போகிற ஒயர்க்கட்டு பிய்ந்து தொங்கியது. கத்தியால் அறுத்ததல்ல. கடித்தது. துணியைக் கடித்து உரித்து, செம்பை வெளியே எடுத்து, இரண்டு முனைகளைச் சேர்ப்பதும் பிரிப்பதுமாக, சேர்ப்பதும் பிரிப்பதுமாகச் செய்திருக்க வேண்டும், முனைகள் கருகியிருந்தன. விளக்கு அணைந்து அணைந்து எரிந்திருக்கும். ரோட்டில் போகிறவன் யாராவது பார்ப்பான் என்று. ஷெட்டுக்குள். புயல் ராத்திரியில்.

ஒயர் முனையில், உரித்த துணியில் சிக்கி, ஒரு பல் இருந்தது.

"அந்தோணி" என்றான்.

ஹேண்டில் அவன் முழங்கால் மடிப்பில் இறங்கியது. வலி தெரியுமுன் சத்தம் தெரிந்தது, பச்சைக் கிளை ஒடிகிற சத்தம். அவன் டிக்கிக்குள் முகம் குப்புற விழுந்தான். இரண்டாவது அடி தோளில். மூன்றாவது அடியைத் தடுக்கப் போன கையில். கால்களைத் தூக்கி உள்ளே தள்ளினார் அவர், மூட்டையைத் தள்ளுகிறவரைப் போல, மூச்சு வாங்க வாங்க. மூடி அறைந்து சாத்திக்கொண்டது.

இருட்டு.

தகரத்துக்கு அந்தப் பக்கம், காதுக்கு மிக அருகில், குரல்.

"எம் பொண்ணு எங்க?"

"தெரியாது சார்! சத்தியமா தெரியாது!"

"அவனும் அதான் சொன்னான். ரயிலேத்தி உட்டதோட செரி, எந்த ஊருன்னு தம்பி சொல்லலன்னான். பொய்யின்னு நெனச்சேன். காத்தால வரைக்கும் இருந்தா தன்னால சொல்லுவான்னு பூட்டிட்டுப் போனேன்." மூச்சு இரைத்தது. "அன்னிக்குப் பாத்து காத்து. மரம் உழுந்து ஷெட்டு கதவு அடச்சிக்கிச்சி. எத்தினியோ மரம். வெட்டிட்டு வர்றதுக்குள்ள... பொணத்தப் பரவனாத்துல உட்டுட்டேன். தண்ணி கடலுக்கு இழுத்துட்டுப் போயிடுச்சி. அவன் போயிட்டான். நல்லா தெரியும் எனக்கு. அப்ப யாரு ஒயர இழுக்கறது?"

சேரன் உதைத்தான். ஒரு கால்தான் உதைத்தது. தகரம் அதிர்ந்தது. அவ்வளவுதான். பினாயிலுக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை கிளம்பி வந்தது, பழைய ரத்தமும் மூத்திரமும் செம்பு கருகின வாடையும். மூச்சு முட்டியது. ஒடிந்த கை மடங்கிக் கிடந்தது. நல்ல கையால் துழாவினான். ஒயர் கிடைத்தது. வேறெதுவும் இல்லை, ஒயர்தான். அதைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லு தம்பி. ரெண்டு பேரையும் நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

விரல்கள்.

அவன் விரல்கள் அல்ல. அவன் கைக்கு மேல், ஒயரின் மேல், வேறு விரல்கள். சில்லென்று. ஊறிப்போய். நகம் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தென்று.

அவன் கத்தினான்.

விரல்கள் அவனை ஒன்றும் செய்யவில்லை. பழக்கமான வேலையைச் செய்கிற கை எப்படிச் செய்யுமோ அப்படி, அவனிடமிருந்து ஒயரை வாங்கின. முனையைத் தேடின. முறுக்கின. காதோரம், பல் போன வாய் ஒன்று மூச்சுவிட்டது.

முன்னால் டக் என்றது. ஸ்டார்ட்டர்.

பேட்டரி தரையில் இருந்தது. ஸ்டார்ட்டர் சுற்றியது.

ரிவர்ஸில் கிடந்த வண்டி ஒரே குதியாகப் பின்னால் குதித்தது. சுவரில் மோதவில்லை. நடுவில் இருந்தார் அவர். முதலில் கத்தல் இல்லை, மூச்சு மொத்தமாக வெளியேறுகிற சத்தம் மட்டும். பிறகு கத்தல். வண்டி தளர்ந்து முன்னால் நகர்ந்தது. டக். மறுபடி பின்னால். தகரத்துக்கு வெளியே எலும்பு நொறுங்கியது. தகரத்தின் வழியாகச் சேரனின் முதுகுக்கு அது தெரிந்தது. டக். மறுபடி. டிக்கியின் பூட்டு தெறித்தது. இன்ஜின் பிடித்துக்கொண்டது. இறுகிக் கிடந்த கியர் தானாக விலக, வண்டி ஒரு முழம் முன்னால் உருண்டு நின்றது. புது வண்டிபோல், சீராக, ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

மூடி மேலே எழுந்தது.

சேரன் உருண்டு வெளியே விழுந்தான். ஒரு காலை இழுத்துக்கொண்டு, முழங்கையால் நகர்ந்து நகர்ந்து, வண்டியின் பக்கவாட்டுக்கு வந்தான். மாலையின் கடைசி வெளிச்சம் ஒற்றைக் கதவு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. ஞானசேகரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருக்கவில்லை, இரண்டு முழங்காலும் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தன. வேட்டி வெள்ளையாக இல்லை. வாய் திறந்து திறந்து மூடியது.

"தம்பி. ஆஸ்பத்திரி. தம்பி."

டிக்கியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. முழங்கை வரைக்கும். வெளுத்து உப்பிய கை, விரல் முனைகள் கருகிய கை. அது தரையைத் துழாவவில்லை. நேராகப் போய் அவர் கணுக்காலைப் பிடித்தது. இழுத்தது.

அவர் கதறினார். சுவரிலிருந்து சரிந்தார். கால் மேலே போயிற்று. டிக்கியின் விளிம்புக்கு மேல்.

"தம்பி! புடி! என்னப் புடி!"

ஏனென்று சேரனுக்குத் தெரியாது. பிடித்தான். நல்ல கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து, வண்டியின் சக்கரத்தில் காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். "மச்சான், உட்ரு" என்று டிக்கியைப் பார்த்து அழுதான். "உட்ருடா. போலீஸ்ல சொல்றேன். நான் சொல்றேன்டா."

இழுப்பு நின்றது. ஒரு கணம். கேட்கிற மாதிரி.

பிறகு உள்ளேயிருந்து இன்னும் பலமாக இழுத்தது. அவருடைய மணிக்கட்டில் எதுவோ விலகிக்கொள்வதைச் சேரன் தன் விரல்களில் உணர்ந்தான். அவர் அவனைப் பார்த்தார். கடையில் வந்து நின்று பேசிய அதே முகம், வாயோரம் நுரை தள்ளியிருந்தது.

"எம் பொண்ணு..." என்றார்.

சேரன் கையை விட்டான்.

இடுப்பு வரை போனார். மூடி இறங்கியது. அறைந்து சாத்தவில்லை, மெல்ல இறங்கி அவர் வயிற்றின் மேல் உட்கார்ந்தது. மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. அதன் வழியாக இழுப்பு தொடர்ந்தது. கொஞ்சம். நிறுத்தம். கொஞ்சம். விலா எலும்பு ஒவ்வொன்றாக வழி விட்டது. கத்தல் முதலில் வார்த்தையை இழந்தது, பிறகு குரலை இழந்தது. மார்பு போனது. தோள் தடைப்பட்டது, உள்ளே எதுவோ பொறுமையாகத் திருப்பி, சாய்த்து, வழி பார்த்து, இழுத்தது. தலை பக்கவாட்டில் திரும்பி, கண் திறந்தபடி, உள்ளே போனது.

ஒரு கை மட்டும் வெளியே மிஞ்சியது. இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கையின் விரல்கள் இன்னும் அசைந்தன. திறந்து, மூடி, திறந்து, சேரன் இருந்த பக்கம் காற்றைத் துழாவின. மூடி அதன் மேல் மெல்ல அழுந்த, மணிக்கட்டு உள்ளே போயிற்று, உள்ளங்கை போயிற்று, விரல்கள் நான்கும் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றன. உள்ளேயிருந்து கருகிய முனைகளோடு வேறு நான்கு விரல்கள் வந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தன.